அரைமணி நேரம் முன்னாடி

சுருக்குன்னு குத்திருச்சு!

மூணாம் வார்டு மஞ்சள் குப்பைப் பையைக் கட்டித் தூக்குன சின்னவளுக்கு உயிரே போயிருச்சு. கையுறையைக் கழட்டினா, கட்டைவிரல்ல ஒரு பொட்டு ரத்தம்.

"பஞ்சும் துணியும் போடுற பையில எந்தப் பாவி ஊசியைப் போட்டான்?"

நர்ஸம்மா ஓடி வந்தாங்க. "விரலைப் பிதுக்காத! குழாயைத் திறந்து சோப்புப் போட்டுக் கழுவு. யாருக்குப் போட்ட ஊசின்னே தெரியலையே! ரத்தம் டெஸ்ட் பண்ணி உடனே மாத்திரை போடணும்."

சின்னவளுக்குப் பிள்ளை நெனப்பு வந்துச்சு. வீட்ல பால்குடி மறக்காத பிள்ளை!

அந்த நேரத்துலயும் வயிறு எரிஞ்சுச்சு. பெரியவளுக்குக் குத்தக் கூடாதா?

பெரியவ அவ ஓரகத்தி. ஒரே வீடு, ஒரே ஆஸ்பத்திரி, ஒரே குப்பை அள்ளுற வேலை. ஆனா மாமியார்ல இருந்து டாக்டர் வரைக்கும் "பெரியவ தங்கம்". போதாக்குறைக்கு, தினமும் அரைமணி நேரம் முன்னாடியே வந்து, சின்னவளோட வார்டுல புகுந்து, இடுக்கியால குப்பையைக் கிளறிட்டு நிப்பா.

எல்லாம் நல்ல பேரு வாங்கத்தான்! இல்லன்னா எதையோ பொறுக்கி விக்கிறா!

நேத்துதான் சின்னவ சூப்பர்வைசர்கிட்ட போட்டுக்கொடுத்தா. "குப்பையைக் கிளறக் கூடாதுன்னு தெரியாது? இனிமே டயத்துக்கு வந்தாப் போதும்!"னு அவரு எல்லார் முன்னாடியும் பெரியவளை வாங்கு வாங்குன்னு வாங்கிட்டாரு. பெரியவ இடுக்கியை ஓரமா வச்சிட்டு வேலையைப் பாக்கப் போயிட்டா. சின்னவளுக்கு வயித்துல பால் வார்த்த மாதிரி இருந்துச்சு.

இப்போ விஷயம் கேள்விப்பட்டு பெரியவ மூச்சிரைக்க ஓடி வந்தா. "எங்கடி குத்துச்சு? காட்டு!"

"ஏன்க்கா, பாத்து சந்தோஷப்படவா?"

"வாயை மூடு!" நர்ஸம்மாவுக்குக் கோவம் வந்துருச்சு. "இவளுக்குப் போன வருஷம் இங்கதான் குத்துச்சு. ஆறு மாசம் டெஸ்ட், டெஸ்ட்டுன்னு பயந்து செத்தா. நாங்க அவசரத்துல ஊசியை இந்தப் பையில மாத்திப் போட்டுத் தொலைச்சிடுறோம். நீ வேலைக்குச் சேந்த நாள்ல இருந்து, நீ வர்றதுக்குள்ள அதையெல்லாம் எடுத்துட்டிருந்தது இவதான். இன்னிக்குத்தான் விட்டுப்போச்சு. எந்தப் புண்ணியவதியோ போட்டுக்கொடுத்துட்டாளாம்!"

சின்னவ கையை இழுத்துக்கப் பாத்தா.

"யாருன்னு எனக்கு நேத்தே தெரியும்மா," பெரியவ அந்த விரலை விடாம தண்ணியில பிடிச்சிருந்தா. "முதல்ல இவளுக்கு மாத்திரை குடுங்க."

உண்மையைச் சொல்லுங்க, நீங்களும் இப்படி யாரையாவது தப்பா நெனச்சிருக்கீங்கல்ல?