பன்னிரண்டாம் படுக்கை

"மணி அடிச்சு அடிச்சு என் விரலே தேஞ்சு போச்சு! இந்த நர்ஸ் எட்டிக்கூடப் பார்க்கல. ஒண்ணு இவ இங்க இருக்கணும், இல்ல நான் இருக்கணும்!"

பன்னிரண்டாம் படுக்கைக்காரர் போட்ட கூச்சலில் வார்டே திரும்பிப் பார்த்தது. இடுப்பெலும்பு முறிந்து கிடந்த லாரி டிரைவர். குரலில் மட்டும் ஒரு முறிவும் இல்லை.

நர்ஸ் தலைகுனிந்து நின்றாள்.

"மணி அடிச்சா படுக்கை எண் காட்டுற திரையில பன்னிரண்டு வரவே இல்லைன்னு சாதிக்கிறாங்க இவங்க," என்றார் ஆஸ்பத்திரி மேனேஜர், மணியைப் போட்டுக் கொடுத்த கம்பெனியிலிருந்து வந்திருந்த புரோகிராமரிடம். "உங்க மணி சரியா இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லுங்கம்மா. இன்னிக்கே இவங்களை வீட்டுக்கு அனுப்பிடறேன்."

"பார்க்காம சொல்ல மாட்டேன் சார்."

லேப்டாப்பை மாட்டினாள். டிரைவரை மணி அடிக்கச் சொன்னாள். திரையில் ஜம்மென்று 12 வந்தது. மறுபடியும் 12.

"பார்த்தீங்களா?" என்றார் மேனேஜர்.

"அவசரப்படாதீங்க. முதல் ரெண்டு படுக்கைக்காரங்க மட்டும் சும்மா இருங்க. மத்த எல்லாரும் விடாம அடிங்க!"

வலியை மறந்து வார்டே உற்சாகமாக அடித்தது. கொஞ்ச நேரத்தில் திரையில் 1 வந்தது. அடுத்து 2.

முதல் ரெண்டு படுக்கைக்காரர்களும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

புரோகிராமர் சிரித்தாள். "பிடிச்சுட்டேன். நெட்வொர்க்ல தகவல் குழாய்த் தண்ணி மாதிரிதான் சார் வரும். அனுப்பினது ஒரே துண்டா வந்து சேரும்னு இல்ல. நெரிசல்ல பன்னிரண்டு ஒடிஞ்சு, ஒண்ணு தனியா, ரெண்டு தனியா வந்திருக்கு. வந்த துண்டையே முழுத் தகவல்னு எங்க புரோகிராம் நம்பிடுச்சு. பாவம், சிஸ்டர் வேற படுக்கைக்கு ஓடியிருக்காங்க."

"இதுக்கு என்ன வழி?"

"ஒவ்வொரு எண்ணுக்கும் பின்னால ஒரு முடிவுக் குறி சேர்த்து அனுப்பணும். அந்தக் குறி வர்ற வரைக்கும், வந்ததைச் சேர்த்து வெச்சுக்கிட்டுக் காத்திருக்கணும். சாயங்காலத்துக்குள்ள முடிச்சுத் தர்றேன். தப்பு முழுக்க எங்களோடது. சிஸ்டர் மேல துளிக்கூட இல்ல."

சொன்னபடி முடித்தாள். வார்டு மறுபடி அடித்துத் தீர்த்தது. ஒரு எண்கூடப் பிசகவில்லை. மேனேஜர் நர்ஸிடம் ஏதோ முனகிவிட்டு இடத்தைக் காலி செய்தார்.

புரோகிராமருக்கு ஆறவில்லை. நேரே டிரைவரிடம் போனாள்.

"கேட்கிறேன்னு தப்பா நினைக்காதீங்கண்ணே. ஒரு பொண்ணோட பொழைப்புல மண்ணைப் போடப் பார்த்தீங்களே, மனசு உறுத்தலையா?"

டிரைவர் அக்கம்பக்கம் பார்த்தார். முதல் தடவையாக அவர் குரல் தணிந்தது.

"மணி கோளாறுன்னு அந்தப் பொண்ணு நடையா நடந்தாம்மா. ஒருத்தரும் காதுல போட்டுக்கல. அந்தப் பதினோராம் படுக்கைக்காரருக்கு மூச்சு முட்டினப்போகூட, திரையை நம்பி ஒண்ணாம் படுக்கைக்குத்தான் ஓடியிருக்கா. ஏதோ நல்ல நேரம், நான் கத்தினதுல ஆள் பொழைச்சார். அன்னிக்கு ராவெல்லாம் அழுதா."

"அப்புறம் எதுக்கு அவங்க மேலயே புகார்?"

"மெஷின் மேல புகார்னா கிடப்புல போடுவாங்க, ஆள் மேல புகார்னா உடனே விசாரணை வெப்பாங்க, 'என்னையே திட்டுங்கண்ணே'ன்னு சொல்லிக் கொடுத்ததே அவதாம்மா!"