குளிர்ந்த புட்டிகள்

எங்கள் மேப்பிள் பாகுப் புட்டிகளுக்கு அண்ணன் ரோலன்தான் கையால் லேபிள் ஒட்டிவந்தார். குளிர்ந்த கண்ணாடியில் பசை பிடிக்காது. அதனால் ஒவ்வொரு புட்டியையும் இடது உள்ளங்கையில் கொஞ்ச நேரம் பொத்திவைத்த பிறகே ஒட்டுவார். "என் கையக்கூட இப்படிப் பிடிச்சதில்ல," என்று அண்ணி ஜினெட் கிண்டல் செய்வார். நவம்பரில் அண்ணனைப் புதைத்தோம்.

ஜனவரியில் லேபிள் இயந்திரம் பார்க்க அண்ணியோடு நகரத்துக்குப் போனேன். சோதனைக்குக் கொண்டுபோன புட்டிகளை முந்தைய இரவே வண்டியில் ஏற்றிவைத்தது என் முட்டாள்தனம். கடைக்காரர் ஒன்றைத் தொட்டுப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"ஐஸா இருக்கும்மா. எந்த மெஷின்ல விட்டாலும் லேபிள் உரிஞ்சிடும்."

"விட்டுத்தான் பாருங்களேன்," என்றார் அண்ணி.

மூன்று இயந்திரங்களில் விட்டார். ஒரு லேபிள்கூட உரியவில்லை. நகத்தால் சுரண்டினார். அசையவில்லை.

"என்ன செஞ்சீங்க?" என்று என்னைக் கேட்டார்.

"ஒண்ணும் செய்யல."

"எது வாங்கினா என்ன," என்றார் அண்ணி. "மலிவானதையே குடுங்க."

மறுநாள் காலை, கணப்பில்லாத எங்கள் கொட்டகையில் இயந்திரத்தை இறக்கி, அதன் ஓடும் பட்டையில் புட்டிகளை வரிசையாக வைத்தேன். எல்லாவற்றின் மேலும் உறைபனி வெள்ளையாகப் படிந்திருந்தது. முதல் புட்டியில் மட்டும், ஓர் உள்ளங்கை அகலத்துக்குப் பனி உருகியிருந்தது.

நான் சுவிட்சுக்குக் கையை நீட்டினேன். அண்ணி தடுத்தார்.

"இரு. அவசரப்படுத்தினா அவருக்குப் பிடிக்காது."

இரண்டாவது புட்டியில் பனி உருகத் தொடங்கியது.