ஒரு சிட்டிகை கசடு

ஆய்வுக்கூட மேசையில் இருந்த வட்டக் குடுவைக்குள் யாரோ மிச்சம் மீதியையெல்லாம் கொட்டிவிட்டுப் போயிருந்தார்கள். தண்ணீர் மாதிரி ஒன்று, எண்ணெய் மாதிரி ஒன்று, அடியில் ஒரு சிட்டிகை கசடு. குடுவை முகம் சுளித்துக்கொண்டுதான் சுமந்தது. மறுநாள் காலையில் பார்த்தால் வயிற்றுக்குள் எல்லாம் நீலமாகிறது, சிவக்கிறது, மறுபடி நீலமாகிறது. நெஞ்சு அடித்துக்கொள்கிற மாதிரி.

"புனல் அண்ணே, எனக்குள்ள உயிர் இருக்கு!" என்று கத்தியது குடுவை.

பக்கத்தில் நின்ற பிரிபுனலுக்கு ஆயுள் முழுக்க ஒரே வேலை, கலந்ததைப் பிரிப்பது. "இதுல யாரு அடிச்சுக்கிறதுன்னு கண்டுபிடிச்சிடலாம், ஊத்து" என்றது.

குடுவைக்கும் ஆசை. ஒரு சொட்டு விடாமல் ஊற்றிவிட்டது.

புனல் மூன்றையும் தனித்தனியாகப் பிரித்து வைத்துச் சாயங்காலம் வரை பார்த்தது. எதுவும் அசையவில்லை.

"போதும் அண்ணே, திருப்பிக் கொடுத்துடுங்க."

தண்ணீரும் எண்ணெயும் திரும்பி வந்தன. குடுவை ஒரு நாள் காத்திருந்தது, இரண்டு நாள் காத்திருந்தது. நிறம் மாறவேயில்லை.

"அந்தக் கசடு எங்கண்ணே?"

"கழுவி விட்டாச்சு. தனியா வச்சுப் பார்த்தேன், அது ஒண்ணுமே பண்ணல."

"மத்த ரெண்டும் தனியா இருந்தப்ப என்ன பண்ணுச்சு?"

புனல் சற்று யோசித்தது. "அதுகளும் ஒண்ணும் பண்ணல. ஆனா எவ்வளவு சுத்தமா இருந்துச்சு தெரியுமா!"

குடுவை தன் வயிற்றைக் குனிந்து பார்த்தது. அடிவரைக்கும் தெளிவாகத் தெரிந்தது.