மூன்றாவது கட்டம்

“அனுமதிக்கலாம்னு போட்டுக்கோ தம்பி... இரு, இரு. வேண்டாம், அழிச்சிடு!”

கருத்துக்கணிப்புக்கு வந்தவன் மூன்றாவது தடவையாக ரப்பரை எடுத்தான். படிவமே ஓட்டை விழுந்துவிடும் போலிருந்தது. காலையிலிருந்து முப்பது வீடு ஏறி இறங்கியாயிற்று. எல்லாரும் வாசலிலேயே அரை நிமிடத்தில் பதில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். இந்தத் தையல்கார அம்மாள் மட்டும், அவன் படிவத்தை நீட்டியதுமே உள்ளே கூப்பிட்டு, நாற்காலி போட்டு, உயிரை வாங்கிக்கொண்டிருந்தாள்.

“ஒரே கேள்விதாம்மா. போதை மருந்தைச் சட்டப்படி விக்க விடலாமா, கூடாதா? மனசுல பட்டதைச் சொல்லுங்க.”

“மனசுல ரெண்டும்ல படுது!” மிஷினை மிதிப்பதை நிறுத்தினாள். “கடையில வச்சு வித்தா ஊரே குட்டிச்சுவராப் போயிடும். கூடாது. சரிதானே?”

“சரிம்மா. கூடாது.” பென்சில் கட்டத்தைத் தொட்டது.

“ஆனா, தப்புன்னு சட்டம் இருந்ததாலதானே என் புள்ள போனான்?”

சுவரில் மாட்டியிருந்த படத்தில் ஒரு இளைஞன் சிரித்துக்கொண்டிருந்தான். வந்தவன் நிமிர்ந்து ஒருமுறை பார்த்தான். பிறகு மும்முரமாகப் படிவத்தில் தேதியை எழுதினான். அதை ஏற்கனவே எழுதியிருந்தான்.

“மூணு வருஷமாச்சு. மொட்டை மாடியில கூட்டாளியோட உக்காந்து எதையோ ஏத்திக்கிட்டான். மூச்சு அடங்கிப்போச்சு. கூட இருந்தவன் ஆஸ்பத்திரிக்கு ஒரு போன் போட்டிருந்தா பொழைச்சிருப்பானாம், டாக்டரே சொன்னார். அந்தப் பாவி போலீசுக்குப் பயந்து ஓடிட்டான்.”

“கொஞ்சம் தண்ணி கிடைக்குமாம்மா?”

பாவம், வெயிலில் அலைந்தவன். கொடுத்த டம்ளரை ஒரே மூச்சில் காலி செய்தான்.

“அந்தப் படத்துல அந்த ஓடிப்போனவனும்தான் இருந்தான். ஆத்திரத்துல கத்தரிக்கோலை எடுத்து அவனை வெட்டிப் போட்டுட்டேன். என் புள்ள தோள்மேல போட்டிருந்த கை மட்டும் நின்னுடுச்சு. அதை வெட்டினா இவன் தோளும்ல போயிடும்?”

அவனுக்கே தலை சுற்றியது. கூடாது என்றால் ஒருவன் பயந்து ஓடுகிறான். விடலாம் என்றால் கடைக்குக் கடை விஷம். எந்தக் கட்டத்தில் டிக் போட்டாலும் எவளோ ஒருத்தியின் பிள்ளை போகத்தான் போகிறான்.

“மூணாவதா ‘சொல்லத் தெரியவில்லை’ன்னு ஒரு கட்டம் இருக்கும்மா. அதை நிறையப் போட்டா ஆபீசுல திட்டுவாங்க. பரவால்ல, போட்டுடட்டுமா?”

“அதெப்படி? பெத்தவ தெரியாதுன்னு சொல்லலாமா? விவரம் தெரிஞ்சவனைக் கேட்டுட்டுத்தான் போடணும்.”

“யாரைம்மா கேக்கப் போறீங்க?”

பென்சில் பிடித்திருந்த அவன் கையை அம்மாள் பார்த்தாள். கட்டைவிரலுக்குக் கீழே பழைய தீக்காயத் தழும்பு. சுவரில், மகனின் தோள்மேல் கிடந்த கையிலும் அதே தழும்பு.

“நீயே சொல்லு தம்பி. தப்பில்லன்னு சட்டம் இருந்திருந்தா, அன்னைக்கு ஓடாம போன் பண்ணியிருப்பியா?”

பென்சில் உருண்டு மிஷினுக்கு அடியில் போயிற்று. அதை எடுக்கக் குனிந்தவன், “தெரியலம்மா” என்று அழுதான்.

“அப்போ, மூணாவது கட்டத்தையே போட்டுக்கோ.”