தங்க மவுத்பீஸ்

"தங்கத்துல வாயை வெச்சு ஊதினா யாருக்குத்தான் நாதம் வராது? கழுதைக்குக்கூட வரும்!"

காரில் ஏறியதிலிருந்து மார்லிஸ் பொரிந்துகொண்டிருந்தாள்.

"யாரைச் சொல்ற? அந்தப் புதுப் பொண்ணையா?" என்றான் கணவன் டுவைட்.

"வேற யாரை? கொரின் மகாராணியைத்தான்."

எல்க்ஹார்ட் நகர பேண்டில் பல வருஷமாக முதல் டிரம்பெட், அதாவது முக்கிய மெட்டை வாசிக்கும் முதல் நாற்காலி, மார்லிஸ்தான். பக்கத்து நாற்காலிக்கு இந்த வசந்தத்தில் கொரின் வந்தாள். வந்த நாளிலிருந்து ஊரெல்லாம் ஒரே பேச்சு. 'டிரம்பெட் பக்கம் இப்பத்தான் நிறைவா கேக்குது.'

அப்படியென்றால் இத்தனை நாள் என்ன, காலி டப்பா சத்தமா கேட்டது?

எல்லாம் டிரம்பெட் நுனியில் மாட்டி வாய் வைத்து ஊதுகிற அந்த மவுத்பீஸ் பண்ணுகிற வேலை. மற்றவர்களிடம் இருப்பது கடையில் வாங்கிய வெள்ளிப் பூச்சு. அவளிடம் இருப்பது சொல்லிச் செய்த தங்கப் பூச்சு, நல்ல கனம். ஊதி முடித்ததும் குழந்தையைப் போல் துணியில் சுற்றி வைப்பாள்.

"அவ்வளவு ஆசையா இருந்தா நீயும் ஒண்ணு செஞ்சுக்கோயேன்."

"அவளைப் பாத்து நான் செஞ்சுக்கணுமா? பேசாம ரோட்டைப் பாத்து ஓட்டு!"

அன்று ஜூலை நான்கு, அமெரிக்கச் சுதந்திர தினம். ஆற்றோரப் பூங்காவில் மடக்கு நாற்காலிகளோடு ஊரே கூடியிருந்தது. மேடைக்குப் பின்னால் கொரின் பெட்டியைத் திறந்து வைத்துவிட்டு எழுந்தாள்.

"மார்லிஸ், எலுமிச்சை ஜூஸ் வாங்கப் போறேன். உங்களுக்கும் ஒண்ணு?"

"வேணாம்மா. நீ போய்ட்டு வா."

திருட வேண்டும் என்று மார்லிஸ் நினைக்கவில்லை. தொட்டுப் பார்க்கத்தான் கையை நீட்டினாள். யாரோ வரும் சத்தம் கேட்டது. கை தானாகக் கோட்டுப் பைக்குள் போய்விட்டது.

கொரின் திரும்பி வந்து பெட்டியைக் கவிழ்த்துத் தேடினாள். நாற்காலிக்கு அடியில் தேடினாள். முகம் வெளுத்துவிட்டது.

"என்னாச்சு? ஆரம்பிக்கணுமே!" என்று ஓடி வந்தார் பேண்டை நடத்தும் கர்ட்.

"மவுத்பீஸைக் காணோம் சார். இங்கதான் வெச்சேன்."

"அடடா!" என்றாள் மார்லிஸ். "என்கிட்ட ஒண்ணு இருக்கு. வேணும்னா இதுல சமாளி."

அவள் நீட்டியது ஊதா நிறப் பிளாஸ்டிக். பனிக்காலத்தில் உலோகம் உதட்டில் ஒட்டிக்கொள்ளும் என்று கிறிஸ்துமஸ் ஊர்வலத்துக்காக வாங்கிய மலிவுச் சரக்கு. பெட்டியில் நல்ல வெள்ளி மவுத்பீஸ் ஒன்றும் இருந்தது. அதை அவள் எடுக்கவில்லை.

'ஊது கண்ணு, ஊது. தங்கம் இல்லாம உன் வண்டவாளம் தெரியட்டும்.'

கொரின் ஊதினாள்.

பூங்கா நிமிர்ந்து உட்கார்ந்தது. அப்படி ஒரு சத்தம். தீட்டிய கத்தி மாதிரி பளபளவென்று ஆற்றைத் தாண்டிப் போனது. தின்றுகொண்டிருந்தவர்கள் தின்பதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.

மார்லிஸ் மூச்சைத் திரட்டி ஊதினாள். எடுபடவில்லை. அவளுடைய தனி வாசிப்பு வந்தபோது கொரின் முடிந்த மட்டும் அடக்கித்தான் வாசித்தாள். அப்படியும் முதல் டிரம்பெட் எங்கே என்று தேட வேண்டியிருந்தது.

இடைவேளை விட்டதும் கர்ட் ஒரே பாய்ச்சலில் வந்தார்.

"இதுதான் கொரின்! தேர்வு அன்னிக்குக் கேட்டேனே, அதே சத்தம்! அன்னிக்கே முதல் நாற்காலியை எடுத்துக்கோன்னேன், மாட்டேன்னுட்ட. இப்பவாச்சும் சரின்னு சொல்லேன்!"

கோட்டுப் பைக்குள் மார்லிஸின் கை மவுத்பீஸை இறுகப் பிடித்தது.

"அது மார்லிஸோட இடம் சார். இன்னொரு தடவை கேக்காதீங்க" என்றாள் கொரின்.

கர்ட் தலையை ஆட்டிக்கொண்டே போனார். மார்லிஸ் பையிலிருந்து கையை வெளியே எடுத்தாள். உள்ளங்கையில் அந்தத் தங்க மவுத்பீஸ்.

கொரின் அதைப் பார்த்தாள். பிறகு மார்லிஸைப் பார்த்தாள்.

"நான்தான் எடுத்தேன்" என்றாள் மார்லிஸ். "இந்தத் தங்கம்தான் உனக்கு நாதம் குடுக்குதுன்னு நெனச்சேன். இது இல்லாம நீ எல்லார் முன்னாடியும் திணறணும்னு..."

கொரின் அதை வாங்கித் துணியால் துடைத்தாள்.

"தங்கம் சத்தத்துக்கு இல்ல மார்லிஸ். வெள்ளி பட்டா என் உதடு தடிச்சுடும், அதுக்குத்தான். சத்தத்தை மாத்துறது உள்ள இருக்கிற இந்தக் கிண்ணம் மாதிரிக் குழி. உங்க பிளாஸ்டிக் மாதிரி ஆழம் கம்மியா இருந்தா என் சத்தம் கூரையைப் பிச்சுக்கிட்டுப் போகும், இன்னிக்குப் போச்சே, அந்த மாதிரி."

"அப்ப இது?"

டிரம்பெட்டில் அதைப் பொருத்திக்கொண்டே கொரின் சொன்னாள்:

"என் சத்தம் அடங்கி, உங்க சத்தத்துக்குக் கீழ மெத்தை மாதிரி விரிஞ்சு கெடக்கணும்னு சொல்லி, ஆழமா கடையச் சொன்னது. உங்க பக்கத்துல உக்காரப் போறேன்னு தெரிஞ்ச அன்னிக்கே."