இரண்டாவது சாவி

“லிஃப்டுக்குள்ள ஒரு புள்ள மூச்சுத் திணறிக்கிட்டுக் கெடக்குண்ணே. அந்த இன்னொரு சாவியக் குடுங்க. ஒரே நிமிஷம் கரண்டப் போட்டு நிறுத்திடலாம்.”

“முடியாது மேடம்.”

ஆபரேட்டர் மூன்றாவது முறையாக இதையே சொன்னார். இளம் பொறியாளருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்தத் துணை மின் நிலையத்துக்கு அவள் வந்து பத்து நாள்தான் ஆகிறது. அதற்குள் இந்த மனிதரோடு நான்கு சண்டை. எல்லோரும் அவரைப் ‘பூட்டு’ என்று கூப்பிடுவதில் தப்பே இல்லை.

மூன்று மணி வரை கொளுத்திக்கொண்டிருந்த வெயில், மூன்றரைக்குள் இருட்டி, புயலாக ஊரையே புரட்டிப் போட்டுவிட்டது. அறுந்த கம்பியைக் கட்ட லைன்மேன் போயிருந்தார். சுவிட்சின் கைப்பிடியில் பூட்டைப் போட்டு, சாவியைத் தன் சட்டைப்பையில் எடுத்துக்கொண்டு போவது இங்கே முறை. அவரே திரும்பி வந்து திறந்தால்தான் அந்த லைனுக்கு மின்சாரம். இன்னொரு சாவி ஆபரேட்டரின் மேஜை இழுப்பறையில் இருந்தது. செல்போன் டவர் செத்து ஒரு மணி நேரமாகிறது. லைன்மேன் கம்பத்தில் இருக்கிறாரா, ஏதாவது கடை வாசலில் ஒதுங்கி நிற்கிறாரா, யாருக்கும் தெரியாது.

“நான் சொல்றேன்ல. பொறுப்பு என்னுது” என்றாள்.

“கம்பியில கை வச்சிருக்கறது நீங்க இல்லையே மேடம்.”

அவள் வாயைத் திறப்பதற்குள் மேஜைமேல் இருந்த பழைய போன் மறுபடி அடித்தது. ஆபரேட்டர்தான் எடுத்தார். லிஃப்டில் மாட்டிய குழந்தையின் தாய்தான்; அவள் குரல் அறை முழுக்கக் கேட்டது.

“இன்னுமா போடல? லிஃப்ட் ரெண்டு மாடிக்கு நடுவுல நிக்குது. கதவத் தெறந்தா செவுருதான் தெரியுது. இழுப்பு மருந்து என் கையில இருக்கு, உள்ள போடறதுக்குச் சந்து இல்ல. இப்ப இருமற சத்தம்கூடக் கேக்கல.”

“தீயணைப்புக்குச் சொல்லியாச்சா?”

“ரோடு பூரா மரம். எப்ப வருவாங்களோ. உங்க கால்ல விழறேன், ஒரே ஒரு நிமிஷம் போடுங்க.”

“ஆள் கம்பத்துல இருக்கான்.”

“அப்படின்னா அந்தப் பூட்டையே கட்டிக்கிட்டு அழுங்க.”

இணைப்பு அறுந்தது. அவர் ரிசீவரை வைக்கப் போய், இரண்டு முறை தவறி, மூன்றாவது முறை வைத்தார். பிறகு இழுப்பறையைத் திறந்து அந்தச் சாவியை எடுத்தார். ஒருவழியாக மனம் இரங்கிவிட்டார் என்று அவள் எழுந்தாள். அவரோ ஜன்னலைத் திறந்து சாவியை வெளியே வீசினார். வெளியே முழங்கால் அளவுக்குச் சேற்றுத் தண்ணீர்.

“பைத்தியமா உங்களுக்கு? நான் பிடுங்கிடுவேன்னுதானே எறிஞ்சீங்க?”

அவர் வாசல் கேட்டின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“நெஞ்சுலயும் ஒரு பூட்டு மாட்டி வச்சிருக்கீங்களா? பெத்தவ கதறறா, கல்லு மாதிரி நிக்கறீங்க.”

“எழுதிக் குடுத்துடுங்க மேடம்” என்றார், திரும்பாமல்.

எழுதாமல் விடுவாளா? காகிதம் கிழிகிற மாதிரி அழுத்தி எழுதினாள். வேண்டுமென்றே சாவியை வீசி எறிந்தார். நான் அதை எடுத்துவிடுவேன் என்று பயந்து எறிந்தார். ஒரு குழந்தையின் உயிர்மேல் இவருக்குத் துளி அக்கறை இல்லை. அவர் திறந்த ஜன்னலோரமே, சாரலில் நனைந்தபடி, வாசல் கேட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

இருபது நிமிடம் கழித்து லைன்மேன் சேறும் சகதியுமாக ஓடி வந்தார். “வண்டி மேல மரம் சாஞ்சிடுச்சுண்ணே. கம்பியக் கட்டி எறங்கி பத்து நிமிஷம்கூட ஆகல. ஓட்டமா வரேன்.”

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். அவள் சாவி கேட்டுச் சண்டை போட்ட நேரத்தில் இந்த மனிதரின் இரண்டு கையும் கம்பியில் இருந்திருக்கின்றன. ஆனாலும் கோபம் இறங்கவில்லை.

“புள்ளைக்கு ஏதாவது ஆகியிருக்கட்டும், அப்புறம் இருக்கு உங்களுக்கு” என்றாள் ஆபரேட்டரிடம்.

லைன்மேன் சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்துப் பூட்டைத் திறந்தார். ஆபரேட்டர் கைப்பிடியை மேலே தள்ளினார், பலகையில் விளக்கு எரிந்தது. பிறகு அவர் போனுக்கு எதிரே வந்து உட்கார்ந்துகொண்டார்.

ஐந்து நிமிடத்தில் அது அடித்தது. அவர் கையை நீட்டி, தொடாமல் இழுத்துக்கொண்டார். தைரியமில்லை, அவ்வளவுதான் என்று அவளே வெடுக்கென்று எடுத்து “ஹலோ” என்றாள்.

“ஆன்ட்டி,” இருமலுக்கு நடுவே ஒரு சின்னக் குரல். “நான் வெளிய வந்துட்டேன். மருந்து இழுத்துட்டேன். அப்பாகிட்ட குடுங்க.”

“அப்பாவா? யாரு பாப்பா உங்கப்பா?”

“பூட்டுன்னு சொன்னாத்தான் அங்க தெரியுமாமே. அம்மா அவர்கூடப் பேச மாட்டாங்களாம். அதான் நான் பேசறேன்.”

அவள் ரிசீவரை அவரிடம் நீட்டினாள். அதை வாங்குவதற்கு முன் அவர் மேஜைமேல் கிடந்த புகார்க் காகிதத்தைப் பார்த்தார்.

“அதுல ஒரு வரிய மட்டும் மாத்திடுங்க மேடம். சாவிய நான் உங்களுக்குப் பயந்து எறியல.”