ஒஸ்வால்டோவின் கல்லறை

தால்கா ஊரில் தனியாக வசிக்கும் எல்விராவைத் தேடி அரசு அலுவலகத்திலிருந்து டாக்டர் பாத்ரிசியா வந்திருந்தாள். ராணுவ ஆட்சியில் காணாமல் போன தம்பி ஒஸ்வால்டோவின் எலும்புகள் என்று ஒரு பெட்டியை எல்விராவிடம் ஒப்படைத்தது அந்த அலுவலகம்தான். அன்றிலிருந்து ஞாயிறுதோறும் அவள் பூவோடு கல்லறைக்குப் போய்வருகிறாள்.

“எப்படிச் சொல்றதுன்னே தெரியலம்மா. பரிசோதனை தப்பாயிடுச்சு. அது உங்க தம்பி இல்ல.”

“அப்ப யாரு?”

“தெரியல. தேடிக்கிட்டு யாரும் வரல. நாளைக்குத் தோண்டி எடுத்துட்டுப் போகணும். மன்னிச்சிருங்க.”

“நீ எதுக்குப் பொண்ணே அழற? எனக்கு அன்னிக்கே தெரியும்.”

பாத்ரிசியா திகைத்து நிமிர்ந்தாள்.

“சின்ன வயசுல மரத்துலேருந்து விழுந்து ஒஸ்வால்டோ கை ஒடிஞ்சு, கோணலா கூடிப்போச்சு. நீங்க காட்டின எலும்பு ரெண்டு கையிலயும் நேரா இருந்துச்சு.”

“அப்புறம் ஏம்மா வாங்கிக்கிட்டீங்க?”

“வேணாம்னா திரும்ப அலமாரியில வெச்சுப் பூட்டியிருப்பீங்க. யாரு பெத்த பிள்ளையோ!” எல்விராவின் குரல் தணிந்தது. “எனக்கும் ஞாயித்துக்கிழமை பேச ஒரு ஆள் வேண்டியிருந்துச்சு.”

பாத்ரிசியா கண்ணைத் துடைத்துக்கொண்டு கிளம்ப எழுந்தாள்.

“நாளைக்கு எத்தனை மணிக்குத் தோண்டுவீங்க? நானும் வரேன். தெரிஞ்ச முகம் ஒண்ணுகூட இல்லாம அவன் எப்படிப் போவான்?”